பிக்கரல் பயணத்துக்கு முன், லீடர் முடிச்சோடு ஆறு வாரம்

நேற்றிரவு கட்டிய பத்து முடிச்சுகளும் மூன்று கிலோ பாரத்தைத் தாங்கி நின்றன. பெப்ரவரிக் கடைசியில் தொடங்கிய இந்தப் பயிற்சியில் பத்துக்குப் பத்து வந்தது இதுவே முதல் முறை. மே மாதத்தின் முதற் சனிக்கிழமை, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்துக் குயின்ரி விரிகுடாவில் பிக்கரல் மீன்பிடிப் பருவம் திறப்பதற்கு இன்னும் மூன்று வாரமே இருக்கும் நிலையில், மற்ற ஆயத்தங்களை அரைகுறையாக விட்டுவிட்டு, பத்து இறாத்தல் இழுவை தாங்கும் பின்னல் நூலையும், அதற்கும் முள்ளுக்கும் இடையில் வரும் எட்டு இறாத்தல் ஃபுளூரோகார்பன் நூலான லீடரையும் இணைக்கும் ஒரே ஒரு முடிச்சுக்கு ஆறு வாரத்தை ஏன் கொடுத்தேன் என்பதை எழுதி வைக்க விரும்புகிறேன். அமெரிக்கப் பக்கத்தில் வால்ஐ என்று சொல்லும் மீனை ஒன்ராறியோவில் பெரும்பாலோர் பிக்கரல் என்றே சொல்வதால், நானும் அந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டுத் திறப்பு நாளில் நாங்கள் நால்வர் ஸ்காபரோவிலிருந்து புறப்பட்டு, 401 நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம் ஓடி, ட்ரென்டனில் வாடகைப் படகு எடுத்தோம். அன்று மாலை மங்கும் நேரத்தில் என் ஜிக்கைப் (உலோகத் தலை வைத்த தூண்டில் முள்) பிடித்த மீன் இரண்டு முறை நூலை இழுத்துக்கொண்டு ஓடி, பின்பு படகின் அருகே வந்து பக்கவாட்டில் திரும்பியது. அறுபது சென்ரிமீற்றருக்குக் குறையாத பெண் மீன். கண்ணில் பட்ட விளக்கொளி பொன்னிறமாகத் திரும்பி வந்ததை நால்வருமே பார்த்தோம். கைவலை நீரில் இறங்கிய கணத்தில் அது தலையை ஒருமுறை உதறியது. என் கோல் நிமிர்ந்துவிட்டது. நூலைச் சுற்றி எடுத்துப் பார்த்தபோது பின்னல் நூலின் முனை பிசிறில்லாமல் இருந்தது. நூல் அறுந்திருந்தால் முனை பிசிறியிருக்கும். முடிச்சுக்குள்ளிருந்து வழுக்கி வெளியேறியிருக்கிறது என்பதற்கு அந்தப் பிசிறற்ற முனையே சாட்சி. வாயில் முள்ளோடும் இரண்டு மீற்றர் லீடரோடும் அந்த மீன் போனதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அன்று கட்டியிருந்தது இரட்டை யூனி முடிச்சு. பின்னல் நூலின் பக்கத்தில் நான்கு சுற்று மட்டும் போட்டிருந்தேன். வழுக்கும் தன்மையுள்ள அந்த நூலுக்கு எட்டுச் சுற்றாவது வேண்டும். எட்டுச் சுற்றுப் போட்டால் அது தாங்கும் என்பதைப் பின்னர் வீட்டில் சோதித்தும் பார்த்தேன். ஆனால் எட்டுச் சுற்றோடு முடிச்சு தடித்துவிடுகிறது; எறியும்போது கோலின் நுனி வளையத்தில் ஒவ்வொரு முறையும் தட்டுகிறது. லீடரை அறுபது சென்ரிமீற்றராகக் குறைத்தால் முடிச்சு வளையத்துக்குள் போகவே தேவையில்லை. அப்படிக் கட்டுவோருக்கு இரட்டை யூனியே போதும், வேறெதுவும் கற்க வேண்டியதில்லை. குயின்ரியில் குறுகிய லீடரை நான் ஏற்காததற்குக் காரணம் அதன் அடித்தளம். 1990களில் அங்கே பெருகிய வரிச் சிப்பிகள் பாறைகளெங்கும் ஒட்டிக் கிடக்கின்றன. அவற்றின் ஓட்டு விளிம்பில் உரசினால் பின்னல் நூல் நொடியில் அறும். அதே சிப்பிகள் நீரை வடித்துத் தெளிய வைத்துவிட்டதால், மங்கலான வெளிச்சத்தில் இரை தேடும் இந்த மீன் பகலில் இன்னும் எச்சரிக்கையாக இருக்கிறது. ஆகவே, நீரில் எளிதில் தெரியாததும் உரசலைத் தாங்குவதுமான லீடர் இரண்டு மீற்றர் நீளமாவது இருக்க வேண்டும். ஜிக்கை நான்கைந்து முறை அறுத்துக் கட்டினாலும் மீதம் இருக்கும்.

இதனால்தான் எஃப்.ஜி. முடிச்சுக்கு வந்தேன். இதில் லீடர் மடிவதே இல்லை. பின்னல் நூல் மட்டும் லீடரின் மேலும் கீழும் மாறி மாறிக் குறுக்கே ஓடி, பாய் முடைவது போல அதைப் பற்றிக்கொள்கிறது. முடித்த பிறகு கைவிரலை ஓட்டினால் சிறு தடிப்பு மட்டுமே தெரியும். இருபது, முப்பது இறாத்தல் லீடரில் இதைக் கட்டுவது பெரிய காரியமில்லை. எட்டு இறாத்தல் லீடர் மெல்லியது. முடையும்போதே வளைந்து கொடுக்கிறது, சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடுகின்றன. முதல் வாரத்தில் கட்டிய இருபதில் பதினொன்று ஒரு கிலோவுக்குள்ளேயே வழுக்கிக் கழன்றன.

பின்னல் நூல் தளர்வதே குற்றம் என்று முதலில் எண்ணினேன். கோலை மேசையில் கட்டி, ரீலைப் பூட்டி, நூலின் மறுமுனையை மேசைக் கவ்வியில் இறுக்கி, தம்புராத் தந்தி போல விறைப்பாக நிறுத்திக்கொண்டு லீடரை மட்டும் மேலும் கீழும் நகர்த்தி முடைந்தபோது சுற்றுகள் ஒழுங்காக வரிசையில் அமர்ந்தன. பக்கத்துக்குப் பன்னிரண்டு வீதம் இருபத்து நான்கு குறுக்குகள் போட்டு, இரண்டு நூலையும் சேர்த்து முதற் சுருக்கைப் போடும் வரை விறைப்பை விடாமல் பார்த்துக்கொண்டேன். தோல்வி பாதியாகக் குறைந்தது. ஆனாலும் இருபதில் ஐந்து கழன்றுகொண்டே இருந்தன. பார்வைக்கு எல்லாம் ஒன்று போலவே இருந்தும், எவை நிற்கும், எவை கழலும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததே என்னை மிகவும் வருத்தியது.

விடை எங்கள் குழுவின் மூத்தவரிடமிருந்து வந்தது. நாங்கள் அண்ணா என்று அழைக்கும் அவர் பருத்தித்துறையில் பிறந்தவர். சிறுவயதில் தகப்பனாரோடு கடலுக்குப் போய்த் தங்கூசி நூலில் முள் கட்டிப் பழகிய கைகள். எஃப்.ஜி. முடிச்சை அவர் அதற்கு முன் கண்டதில்லை. நான் முடைந்ததைக் கையில் வாங்கிச் சிறிது நேரம் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, கையால இழுத்தாக் காணாது, பாரம் கட்டித் தொங்கவிட்டு இறுக்கு” என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. முதற் சுருக்குப் போட்டதும் நூலை நனைத்து இழுத்து இறுக்குகிற கட்டத்தில், மெல்லிய லீடர் அறுந்துவிடுமோ என்ற தயக்கத்தில் என் கை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவில் இழுத்து நிறுத்தியிருக்கிறது. பின்னல் நூல் லீடரின் மேற்பரப்பில் பதிந்து கடிக்காத வரை, எத்தனை சுற்றுப் போட்டாலும் அது சும்மா சுற்றியிருப்பதாகவே இருக்கும்.

இப்போது நிலவறைக் கூரையில் ஓர் ஆணி அடித்து, அதில் பின்னல் நூலைச் சுற்றிக் கட்டி, லீடரின் மறுமுனையில் இரண்டு லீற்றர் தண்ணீர்ப் போத்தலைக் கட்டுகிறேன். இரண்டு லீற்றர் தண்ணீர் ஏறத்தாழ இரண்டு கிலோ. எட்டு இறாத்தல் என்பது 3.6 கிலோ என்பதால் லீடருக்கு ஆபத்தில்லை. போத்தலைப் பட்டென்று விடாமல் உள்ளங்கையில் தாங்கி, மெல்ல மெல்லக் கையை இறக்க வேண்டும். முடைந்த பகுதி குறுகி நீள்வதும், வெளிர்பச்சையாக இருந்த நூல் அந்த ஓரங்குல நீளத்துக்கு மட்டும் கரும்பச்சையாக மாறுவதும் கண்ணெதிரே தெரியும். நிறம் மாறிய பிறகே மற்ற நான்கு சுருக்குகளையும் போட்டு, லீடரின் மீதி முனையை ஒட்ட நறுக்குகிறேன். இறுக்குவதற்கு முன்பே முனையை நறுக்கும் அவசரம் எனக்கு இருந்தது. வழுக்கிய முடிச்சுகள் பலவற்றுக்கு அதுவும் காரணம் என்று இப்போது நம்புகிறேன். கடைசியில் பின்னல் நூலின் மீது மட்டும் மூன்று சுருக்குப் போட்டு, இரண்டு மில்லிமீற்றர் விட்டு வெட்டுகிறேன்.

சோதனைக்குப் போத்தலை மூன்று லீற்றராக உயர்த்தி ஐந்து நிமிடம் தொங்கவிடுகிறேன். விமானப் பயணப் பெட்டி நிறுக்கும் கைத்தராசால் அறுபடும் வரை இழுத்தும் பார்த்தேன். அறுந்தது ஒவ்வொரு முறையும் கீழே ஜிக்கைக் கட்டிய முடிச்சில்தான், ஏறத்தாழ மூன்றேகால் கிலோவில். எஃப்.ஜி. முடிச்சு அசையவே இல்லை. பதினைந்து ஆண்டுகளாகப் பழகிய கீழ் முடிச்சே இப்போது சங்கிலியின் மெலிந்த கண்ணியாகிவிட்டதால், அதை விட்டுப் பலோமர் முடிச்சுக்கு மாறப் போகிறேன். இந்தப் பின்னல் நூல் கடையில் நேரில் வாங்கியது. இதற்கு முன் இணையத்தில் பாதி விலைக்கு வாங்கிய ஒரு சுருள், பொதியில் பத்து இறாத்தல் என்று இருந்தும் கையில் தடிப்பாகவும் தட்டையாகவும் இருந்தது; முடையவே வரவில்லை. பின்னல் நூலை விரலில் உருட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை.

இனிப் பயணத்தின் மற்றப் பகுதிகள். பிக்கரல் பனிக்கட்டி உருகியவுடன் ஏப்ரலில் ட்ரென்ட், மொய்ரா, சமன், நபனி ஆறுகளின் கற்படுகைகளில் முட்டையிடுகிறது. அது முடிந்ததும் பெரிய பெண் மீன்கள் மெல்ல விரிகுடாவின் கீழ்ப்பகுதிக்கும், அங்கிருந்து ஒன்ராறியோ ஏரிக்கும் போய்விடுகின்றன; ஆண் மீன்கள் ஆற்று வாய்களை விட்டு நகர நாளெடுக்கும். திறப்பு வாரம் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய காலம். ட்ரென்டனிலிருந்து டெசரோன்டோ வரையான மேல் விரிகுடா ஆழம் குறைந்ததாகையால் வெயிலில் விரைவில் சூடேறும். ஆகவே அங்கேயே நிற்கப் போகிறோம். பலர் வெள்ளி நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கே தூண்டில் போடத் தொடங்குவார்கள். நாங்கள் வெள்ளி இரவு போய்த் தங்கி, ஆறு மணிச் சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாக நீரில் இறங்குவதாக முடிவு செய்திருக்கிறோம். நடுப்பகலில் கரைக்கு வந்து உறங்கி, மாலை மீண்டும் இறங்குவோம். சென்ற ஆண்டு நாள் முழுவதும் படகில் இருந்து களைத்ததால், மீன் கடிக்கும் நேரத்தில் எவருக்கும் கவனம் இருக்கவில்லை.

படகு செலுத்துநர் அட்டை இருவரிடம் உண்டு. உயிர்காப்பு அங்கியைப் படகில் வைத்திருந்தாலே சட்டத்துக்குப் போதும் என்றாலும், மே முதல் வாரத்துத் தண்ணீரில் விழுந்தால் முதல் நிமிடத்திலேயே மூச்சுத் திணறும் என்பதால், அணியாமல் எவரும் ஏறக்கூடாது என்று அண்ணா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரை மீனை ட்ரென்டனிலேயே வாங்கிப் பற்றுச்சீட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வோம். இரை மீன்களை ஒரு வலயத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதற்கு ஒன்ராறியோவில் கட்டுப்பாடு வந்து சில ஆண்டுகளாகின்றன. மிஞ்சியதை நீரில் கொட்டுவதும் குற்றம். விளையாட்டு மீன்பிடி அனுமதிக்கு ஆளுக்கு நான்கு மீன், அவற்றில் 63 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டது ஒன்றே ஒன்று. எங்கள் உடன்பாடு இன்னும் இறுக்கமானது: பெரிய பெண் மீன் எதுவும் கரைக்கு வராது, பொரியலுக்கு நாற்பது, நாற்பத்தைந்து சென்ரிமீற்றர் மீனே சுவை. சிவப்பு மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் மட்டும் பூசிப் பொரிக்க அதைவிட நல்ல நன்னீர் மீனை நான் இந்த நாட்டில் உண்டதில்லை.

ஜிக் தலைகளை நானே வார்க்க வேண்டும் என்ற எண்ணமும் இதற்கிடையில் பிடித்துக்கொண்டது. கால் அவுன்ஸ் அச்சு ஒன்று வாங்கியாயிற்று. ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும், வார்க்க எளிது; ஆனால் ஒரு டொலர் நாணயத்தில் இருக்கும் லூன் பறவைகள் ஈயத் துண்டுகளை விழுங்கி இறக்கின்றன, கனடாவின் தேசியப் பூங்காக்களில் சிறிய ஈயத் தூண்டில் பொருட்களுக்குத் தடையும் உண்டு. பிஸ்மத்தும் வெள்ளீயமும் கலந்த உலோகம் 138 பாகையிலேயே உருகுகிறது, நச்சுப் புகை பற்றிய அச்சமும் குறைவு. அதன் அடர்த்தி ஈயத்தைவிடக் குறைவாகையால் அதே எடைக்குத் தலை பெருத்துவிடும்; ட்ரென்ட் ஆற்று நீரோட்டத்தில் அது அடியைத் தொட எவ்வளவு தாமதிக்கும் என்பதைப் பார்க்க வேண்டும். அது இலையுதிர் காலத்து வேலை. ஏரிக்குப் போன பெரிய மீன்கள் விரிகுடாவுக்குத் திரும்பும் நவம்பருக்குள் ஒரு பெட்டி நிறைய வார்த்துவிட எண்ணுகிறேன்.

முடிச்சில் இன்னும் ஒரு கட்டம் மீதியிருக்கிறது. படகில் லீடர் அறுந்தால் மேசையும் இல்லை, கவ்வியும் இல்லை, தண்ணீர்ப் போத்தலும் இல்லை. ஆகவே கோலை முழங்கால்களுக்கிடையில் பிடித்து, பின்னல் நூலின் முனையைப் பல்லில் கடித்து விறைப்பாக நிறுத்திக் கட்டப் பழகுகிறேன். இறுக்குவதற்கு நூலைக் கையுறை மேல் நான்கு சுற்றுச் சுற்றி, நிறம் மாறும் வரை மெல்ல இழுக்கிறேன். இன்று காலை நான்கு பாகைக் குளிரில் பின்வாசற் படியில் அமர்ந்து ஐந்து கட்டினேன். விரல்கள் விறைத்து, ஒன்றுக்கு ஆறு நிமிடமானது. நிலவறை ஆணியில் தொங்கவிட்டபோது நான்கு நின்றன. ஐந்தாவது இரண்டரைக் கிலோவில் கழன்றது. அதன் நிறம் முழுமையாக மாறியிருக்கவில்லை என்பதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் கண்டேன். விடியற்காலை இருளில் அதைப் பார்ப்பதற்குத் தலைவிளக்கு ஒன்று தேவை. அதை இன்று பட்டியலில் சேர்த்துவிட்டு, மாலையில் மீண்டும் படியில் அமரப் போகிறேன்.