எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை?

கையில் கட்டியிருக்கும் ஃபிட்னஸ் பேண்டில் ஒரு பிழை தலைகாட்டிவிட்டால், அதைச் சரிசெய்யும் அப்டேட் எப்போது வரும் என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. நானும் சில மாதங்களாக அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். திருத்தம் ஒருவழியாக வந்து சேர்ந்த பிறகு, அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று பாக்கியிருப்பது புரிந்தது. பிழை இருந்த காலத்தில் பதிவான அளவுகளை என்ன செய்வது?

கருவிக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு ஓர் அப்டேட் வந்த பிறகு, காலை நடையின்போது என் பேண்ட் காட்டிய இதயத்துடிப்பு திடீரென உயர்ந்தது. சமதளத்தில், மூச்சு வாங்காமல், பக்கத்தில் வருபவரிடம் பேசிக்கொண்டே நடக்கும்போது திரையில் 118 என்று நின்றது. நண்பர் ஒருவரிடம் மார்புப் பட்டையை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தேன். மார்புப் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே நேரடியாக அளப்பது. அது 96 என்றது. பேண்டின் திரையை ஒருமுறை தள்ளி, நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறேன் என்று பார்த்தபோது அங்கேயும் 118 இருந்தது. வேகத்தைக் கூட்டினால் இரண்டு எண்களும் சேர்ந்தே ஏறின. குறைத்தால் சேர்ந்தே இறங்கின.

ஓட்டப் பயிற்சியாளர்களுக்கு இது பழகிய கோளாறு. மணிக்கட்டில் ஒளிரும் பச்சை விளக்கு தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தில் பட்டுத் திரும்புகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தத்தின் அளவு கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறைகிறது. கை வீசி நடக்கும்போது அந்த வீச்சும் ஒளியில் ஓர் அலையை உண்டாக்கும். அந்த அலையைப் பிரித்து விலக்கி, உண்மையான துடிப்பை மட்டும் எடுத்துக் கொடுப்பது மென்பொருளின் வேலை. அந்த வடிகட்டலில் சிறு மாற்றம் செய்தாலும் போதும், நேற்றுவரை சரியாக அளந்த அதே விளக்கும் அதே உணரியும் இன்று காலடிகளைத் துடிப்பு என்று எண்ணத் தொடங்கிவிடும். என் பேண்டில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

காத்திருந்த காலத்தைப் பற்றி எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. ஃபர்ம்வேரை மாற்றுவது கைப்பேசியில் ஒரு செயலியை மாற்றுவதுபோல எளிதன்று. புதிய ஃபர்ம்வேர் முதலில் கைப்பேசிக்கு வந்து, அங்கிருந்து புளூடூத் வழியாக மெதுவாகப் பேண்டுக்குள் இறங்க வேண்டும். அது முழுமையாகவும் நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பத்தோடும் வந்திருக்கிறதா என்று பேண்ட் சரிபார்க்க வேண்டும். நடுவில் மின்சக்தி தீர்ந்தாலும் கருவி செயலிழந்துவிடாதபடி ஏற்பாடு இருக்க வேண்டும். இத்தனைக்கும் மேல், புதிய பிழை எதுவும் எல்லோரையும் ஒரே நாளில் தாக்கிவிடக் கூடாது என்பதற்காக, முதலில் ஒரு சிறு பகுதியினருக்கும் பிறகு படிப்படியாக மற்றவர்களுக்கும் அனுப்புகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்துவிட்டதே, நமக்கு ஏன் வரவில்லை என்ற எரிச்சல் நியாயமானதுதான். ஆனால் அந்த ஏற்பாடு நம் நன்மைக்கானது. 2025 ஜனவரி இறுதியில், கார்மின் கடிகாரங்களில் பல மாடல்கள், ஜி.பி.எஸ். தேவைப்படும் பயிற்சியைத் தொடங்கியதும் நீல முக்கோணத்தைக் காட்டியபடி அப்படியே நின்றுவிட்டன. ஒரே சிக்கல் ஒரே சமயத்தில் உலகெங்கும் பரவினால் எப்படியிருக்கும் என்பதை அது காட்டியது.

காத்திருந்தால் திருத்தம் நிச்சயம் வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இன்டெல் நிறுவனம் 2014இல் பேசிஸ் என்ற நிறுவனத்தை வாங்கி, பேசிஸ் பீக் என்ற கடிகாரத்தை விற்றது. சில கடிகாரங்கள் அளவுக்கு மீறிச் சூடாவதாகப் புகார்கள் வந்ததும், 2016 ஜூனில் விற்பனையை நிறுத்தி, மென்பொருள் மூலம் சரிசெய்வதாக அறிவித்தார்கள். ஆகஸ்டில், அப்படியொரு தீர்வை உருவாக்க முடியவில்லை என்று சொல்லி, எல்லாக் கடிகாரங்களையும் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 31உடன் சேவையும் நின்றது. வாங்கியவர்களுக்கு அது ஏமாற்றம்தான். ஆயினும் முடியாது என்பதை முடியாது என்றே சொன்னதும், அதுவரையிலான பதிவுகளை இறக்கி வைத்துக்கொள்ள அவகாசம் தந்ததும் சரியான செயல் என்று கருதுகிறேன்.

என் பேண்டுக்கான திருத்தம் வந்தபோது, அதனுடன் வந்த குறிப்பு ஒரே வரி: ‘பிழைத்திருத்தங்களும் செயல்திறன் மேம்பாடுகளும்.’ மறுநாள் காலை நடையில் இதயத்துடிப்பு தொண்ணூறுகளுக்கு இறங்கியிருந்தது. காலடி எண்ணிக்கையோடு அது ஒட்டிக்கொள்ளவும் இல்லை. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த சில வாரங்களில் செயலி எனக்கு வாழ்த்துச் சொல்லத் தொடங்கியது. என் உடற்தகுதி நன்றாக உயர்ந்து வருகிறதாம்.

உடற்தகுதியைக் காட்ட பேண்ட் கணிக்கும் வி.ஓ.2 மேக்ஸ் என்ற அளவு, அதாவது கடும் உழைப்பின்போது உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன் அளவு, எந்த வேகத்துக்கு எவ்வளவு துடிப்பு என்பதை வைத்தே பெரும்பாலும் கணக்கிடப்படுகிறது. ஒரே வேகத்தில் நடப்பவருக்குத் துடிப்பு கூடினால், அவர் தளர்ந்துவிட்டார் என்று பொருள். குறைந்தால், தேறிவிட்டார் என்று பொருள். ஆகவே பிழை இருந்த மாதங்களில் என் வரைபடம் சரிந்து, நான் கூடுதலாக ஓய்வெடுக்க வேண்டும் என்றது. திருத்தத்துக்குப் பின் மேலேறி, என் பயிற்சி பலனளிக்கிறது என்கிறது. என் உடம்பில் இந்த இரண்டுமே நடக்கவில்லை. நான் நடந்த பாதையும் வேகமும் மாறவே இல்லை. வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கோ, நோயில் விழுந்து எழுந்த ஒருவரின் கதை அதில் தெரியும். மருத்துவர் வகுத்துக் கொடுத்த துடிப்பு வரம்புக்குள் நடக்க வேண்டியவர் ஒருவர் இந்தப் பேண்டைக் கட்டியிருந்தால், அத்தனை மாதங்களும் நடக்க வேண்டிய அளவு நடக்காமல் தயங்கியிருப்பார் என்று நினைக்கும்போது மனம் பொறுக்கவில்லை.

பழைய எண்களைத் திரும்பக் கணக்கிட்டுச் சரிசெய்யவும் இங்கே வழியில்லை. பேண்ட் தன் உணரியில் பட்ட ஒளி அலையை முழுவதுமாகச் சேமித்து வைப்பதில்லை. அதிலிருந்து கணித்த துடிப்பு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. எனவே, அப்டேட் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், அது இனி வரும் நாள்களுக்குத்தான் உதவும்.

அதனால்தான் வெளியீட்டுக் குறிப்பைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துகிறேன். பிழையைத் தெளிவாகச் சொல்வது ஒன்றும் முடியாத காரியம் அல்ல. 2023 நவம்பரில் ஆப்பிள் வாட்ச்சுக்கு வாட்ச்ஓஎஸ் 10.1.1 என்ற அப்டேட் வந்தபோது, சிலருக்குப் பேட்டரி விரைவாகத் தீர்ந்துபோகும் சிக்கலை அது சரிசெய்கிறது என்று குறிப்பிலேயே சொன்னார்கள். பேட்டரிக்கு அது போதும்; நேற்றுத் தீர்ந்துபோன பேட்டரி இன்றைய கணக்கைக் கெடுப்பதில்லை. உடலை அளக்கும் பிழைக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். எந்தப் பதிப்பில் பிழை நுழைந்தது, எந்தப் பதிப்பில் நீங்கியது, எந்த அளவு கூடுதலாகவோ குறைவாகவோ காட்டப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். ஒவ்வொருவருடைய கருவியிலும் எந்தப் பதிப்பு எப்போது ஏறியது என்பது நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கும். வரைபடத்தில் அந்த இடைவெளியைச் சாம்பல் நிறத்தில் காட்டி, சராசரிக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இதையே எழுதி வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பினேன். கருவியை ரீசெட் செய்து பார்க்கும்படி பதில் வந்தது. மீண்டும் விளக்கி எழுதியிருக்கிறேன்.

இப்போதைக்கு நானே செய்துகொண்ட ஏற்பாடு இது. தானாக அப்டேட் ஆகும் வசதியை நிறுத்திவிட்டேன். புதிய பதிப்பை ஏற்றும் நாளன்று, பழைய பதிப்பு எண், புதிய பதிப்பு எண், தேதி மூன்றையும் குறித்துக்கொள்கிறேன். ஏற்றுவதற்கு முந்தைய நாளும் மறுநாளும் ஒரே பாதையில், ஒரே வேகத்தில், மார்புப் பட்டையோடு நடந்து ஒப்பிடுகிறேன். அதற்காகவே சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டேன். மாதத்துக்கு ஒருமுறை என் பதிவுகள் முழுவதையும் செயலியிலிருந்து இறக்கி, பிழை இருந்த வாரங்களை நீக்கிவிட்டுச் சராசரியை நானே போட்டுக்கொள்கிறேன். அடுத்த மாதம் மருத்துவரைப் பார்க்கும்போது கொண்டுபோகப்போவது அந்தக் கணக்கைத்தான்.