நான்கு ரொட்டி சுட எனக்கு எட்டு நாள் ஆனது

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயக் காம்பராவில் பிறந்து, தேங்காய் ரொட்டி தின்றே வளர்ந்தவனுக்கு ரொட்டி சுடத் தெரியாது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். வேலை கிடைத்து இலங்கையின் மலைநகரான நுவரெலியாவில் தனியாக அறை எடுக்கும்வரை அந்த விஷயம் எனக்கே தெரியாது. விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மா ரொட்டி தட்டும் சத்தத்தில்தான் இருபது வருடத்துக்கு மேல் கண் விழித்திருக்கிறேன். ஒரு நாளாவது எழுந்துபோய் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் இந்த எட்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

முதல் மாதம் கடையில்தான் சாப்பிட்டேன். காலைச் சாப்பாடும் ஒரு தேத்தண்ணீரும் 300 ரூபாய்க்குக் குறையவில்லை. பேக்கரிப் பாண் மலிவுதான், ஆனால் பத்து மணிக்கே வயிறு கூப்பிடும். ரொட்டி அப்படியில்லை. அம்மா இரண்டு ரொட்டியைத் தின்றுவிட்டு, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போனால், மத்தியானம் கொழுந்து நிறுக்கும்வரை தாங்கும். சரி, நாமே சுடலாம் என்று ஒற்றை அடுப்பு, காஸ், தாச்சி, பேசின் எல்லாம் ஒரே சனிக்கிழமையில் வாங்கிவிட்டேன். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

மாவில்தான் மாட்டினேன். அறையிலிருந்து டவுனுக்கு இறங்க இருபத்தைந்து நிமிடம், திரும்பி ஏற நாற்பது நிமிடம். அன்று மழை வேறு. கடையில் கூட்டம். "முதலாளி, ஒரு கிலோ மாவு" என்றேன். எங்கள் ஊரில் மாவு என்றால் கோதுமை மாவுதான், அதற்கு விளக்கம் சொல்லும் பழக்கமே இல்லை. எனக்கு முன்னால் நின்ற பெண் இடியப்பத்துக்கு வாங்கிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. கடைப் பையன் அதே பக்கட்டில் இன்னொன்றை எடுத்து நீட்டினான். நானும் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு மலை ஏறிவிட்டேன்.

மறுநாள் காலையில் துருவிய தேங்காய்ப் பூ போட்டு, உப்புப் போட்டு, தண்ணீர் விட்டுப் பிசைந்தால் மாவு ஒன்று சேரவே இல்லை. உருட்டினால் உருண்டது. தட்டினால் கோடையில் வற்றிய குளம் மாதிரி வெடித்தது. தாச்சியில் போட்டுத் திருப்பினேன், நான்கு துண்டாகப் போனது. அம்மாவுக்கு அழைப்பு எடுத்தேன்.

"கையில இழுக்குதா, உதிருதா?"

"உதிருதும்மா."

"அட சாமி, அது அரிசி மாவு. யார்கிட்ட என்னத்தக் கேட்டு வாங்கிட்டு வந்த?"

மாலையில் பக்கட்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி இறங்கினேன். முதலாளி ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. "பிரிச்சத எடுக்க மாட்டோம் தம்பி, பக்கட்டுல எழுதியிருக்குல்ல" என்றார். "அரிசி மாவு" என்று எழுதித்தான் இருந்தது. ஆனால் மூன்று மொழியில் தமிழ் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க பக்கட்டை இரண்டு முறை திருப்ப வேண்டியிருந்தது. நான் கேட்டதும் அரைகுறைதான், அதனால் சண்டை போடவும் முடியவில்லை. வேறு கடையில் கோதுமை மாவு வாங்கினேன். இலங்கையில் கோதுமை விளைவதில்லை, முழுக்கக் கப்பலில் வந்து இறங்குவதுதான். அப்படி வந்த ஒன்று எங்கள் தோட்டங்களில் தினச் சாப்பாடாகிவிட்டது. தோட்டத்தில் மாவைக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் கழித்துக்கொண்ட காலத்தைப் பற்றி அம்மாயி நிறையச் சொல்வார். இதை எழுதும்போதுதான் அந்தக் கதைகளையும் அரைக் காதால்தான் கேட்டிருக்கிறேன் என்று உறைக்கிறது.

புதிதாகச் சமைப்பவர்கள் கடையில் நின்றபடியே "கோதுமை மாவு" என்று முழுப் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வந்ததும் ஒரு சிட்டிகையை ஈரக் கையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். பசை மாதிரி இழுத்தால் கோதுமை.

அடுத்தது தண்ணீர். "எவ்வளவும்மா ஊத்தணும்?" என்று கேட்டால் "கைக்குத் தெரியும்" என்கிறார். என் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு கப் தண்ணீரை மொத்தமாக ஊற்றினேன், பத்து விரலிலும் மாவு கையுறை மாதிரி ஒட்டிக்கொண்டது. அதற்குள் போன் அடிக்கிறது, எடுக்க முடியவில்லை. மேலும் மாவு கொட்டி, மேலும் தண்ணீர் தெளித்து, கடைசியில் ஒருவன் தின்ன எட்டு ரொட்டிக்கான மாவு சேர்ந்தது. அன்று பக்கத்து அறைக்காரர்களுக்கும் வேக்காடு பிடிக்காத ரொட்டி கிடைத்தது. அவர்கள் நல்லவர்கள், ஒன்றும் சொல்லவில்லை.

நான்கைந்து முறை கெடுத்த பிறகு எனக்குச் சரியாக வந்த அளவைச் சொல்கிறேன். தேத்தண்ணீர் கோப்பையால் இரண்டு கோப்பை மாவு, அமுக்காமல் ஒரு கோப்பை தேங்காய்ப் பூ, அரைத் தேக்கரண்டி உப்பு. தண்ணீர் அரைக் கோப்பைக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துத்தான் பிசைய வேண்டும், ஏனென்றால் தேங்காயிலும் ஈரம் இருக்கிறது. கையை விட்டு மாவு கழன்று வந்ததும் நிறுத்திவிடுங்கள். தோடம்பழ (ஆரஞ்சு) அளவில் நான்கு உருண்டை வரும்.

இங்கே இன்னொரு தொல்லை குளிர். காலையில் குழாய்த் தண்ணீரைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். அந்தத் தண்ணீரில் பிசைந்தால் தேங்காயில் இருக்கும் எண்ணெய் இறுகி, மாவு கல்லாகக் கிடக்கிறது. போத்தலில் இருந்த தேங்காய் எண்ணெய் வெள்ளை மெழுகாக உறைந்து நின்றதைப் பார்த்தபிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்தேன், மாவு பணிந்துவிட்டது. பிசைந்ததை ஈரத் துணியால் மூடி இருபது நிமிடம் வைக்க வேண்டும். அந்த நேரத்தில் முகம் கழுவலாம், சட்டை அயர்ன் பண்ணலாம். வேலைக்கு நேரமாகிறது என்று நான் இரண்டு நாள் இதைத் தாண்டிப் போனேன். தட்டத் தட்ட மாவு சுருங்கிக்கொண்டே வந்தது.

பெரிய அடி வாங்கியது நெருப்பில். ரொட்டி கனமான சாமான் என்பதால் நெருப்பும் கனமாக இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். முழு நெருப்பில் ஒரு நிமிடத்தில் வெளியே கருகல், பிய்த்தால் உள்ளே பச்சை மாவு. மூன்று நாள் இதே கதை. வேலை செய்யும் இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாளும் உண்டு. அதற்கு இடையில் கோபத்தில் ரொட்டியே வேண்டாம் என்று பயறு அவிக்கப் போனேன். நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே தண்ணீர் 94 பாகைக்கெல்லாம் கொதித்துவிடும். நுரை பொங்கக் கொதிக்கிறதே என்று நம்பிக் காத்திருந்தால், ஊற வைக்காமல் போட்ட பயறு ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் பல்லில் கடுக்கென்றது. காஸ் போனதுதான் மிச்சம். பயறு அவிப்பதென்றால் முதல் நாள் இரவே ஊறப்போடுங்கள். ரொட்டிக்கு அந்தக் கவலை இல்லை, சூடான தாச்சிக்கு ஊர் உயரம் தெரியாது.

கடைசியில் அம்மாவை வீடியோ அழைப்பில் போட்டு, போனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்தேன். பார்த்ததும் முதல் வார்த்தை, "நெருப்பக் குறைடா!" அவ்வளவுதான். தாச்சியை முதலில் நன்றாகக் காயவைத்து, பிறகு நெருப்பைப் பாதிக்கும் கீழே இறக்கி, ரொட்டியைப் போட்டு மூடியால் மூடச் சொன்னார். ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம். கடைசியில் ரொட்டியை விளிம்பில் நிறுத்திச் சக்கரம் மாதிரி உருட்டிச் சுட வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் பச்சையாகவே இருக்கும். வீட்டில் அம்மா விறகடுப்புத் தணலோரம் ரொட்டியைச் சாய்த்து வைப்பது அழகுக்காக இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. எண்ணெய் ஒரு சொட்டும் தேவையில்லை.

சம்பலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அம்மி இல்லாததால் நறுக்கிய சின்ன வெங்காயத்தை உப்போடு தட்டில் போட்டு டம்ளரின் அடியால் நசுக்கினேன், பிறகு கட்டைத்தூள் (ஒன்றிரண்டாக இடித்த காய்ந்த மிளகாய்), தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு). கட்டைத்தூளை மட்டும் அரைத் தேக்கரண்டியோடு நிறுத்துங்கள். நான் பெரிய கரண்டியால் அள்ளிப் போட்ட அன்று, அதே கையால் கண்ணைக் கசக்கியும் தொலைத்தேன்.

எட்டாம் நாள் நான்கு ரொட்டியும் உருப்படியாக வந்தன. தட்டினால் டொக் டொக்கென்ற சத்தம், பிய்த்தால் ஆவி, உள்ளே தேங்காய் வெள்ளை வெள்ளையாக. இரண்டைச் சம்பலோடு தின்று, இஞ்சி தட்டிய வெறுந்தேத்தண்ணீர் குடித்தேன். மற்ற இரண்டைத் துணியில் சுற்றி வேலைக்கு எடுத்துப்போனேன். கடையில் ஒரு வேளைக்குக் கொடுத்த காசுக்குள்ளேயே இரண்டு வேளை முடிந்தது. பெருமை தாங்காமல் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் குரல் பதிவு வந்தது.

"ரொட்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ்வளவு தேங்காயா போடுவ? ஒரு தேங்காய் 200 ரூபா விக்கிற நேரத்துல!"