கடகட

கணக்கு சார் காலமான செய்தி நம் பழைய மாணவர் சங்க வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்குத் தெரிந்தது. பாம்பனில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியை யாரோ படமெடுத்துப் போட்டிருந்தார்கள். ஜேபெக் படம், அதாவது சுருக்கிச் சேமித்தது. அதைச் சுருக்கியதிலும், சிக்கனமான குறிமுறையைக் கண்டுபிடித்த ஹஃப்மனுக்குப் பங்குண்டு என்று சொல்லியிருந்தால் சார் சந்தோஷப்பட்டிருப்பார்.

பிளஸ் டூவில், கச்சான் காற்று மணலை வாரி ஜன்னல் வழியே கொட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம், பாடத்திட்டத்திலேயே இல்லாத ஹஃப்மன் குறிமுறையை ஆரம்பித்தார். ஒன்பது எழுத்துச் செய்தி: க 5, ட 2, ல 1, ம 1. மெய்யெழுத்தின் புள்ளியை மறந்துவிடச் சொன்னார். "0, 1 ரெண்டை மட்டும் வச்சு எழுத்துக்கு ஒரு குறி கொடு. எவ்வளவு சின்னதா முடியுமோ அவ்வளவு" என்று என்னைக் கரும்பலகைக்கு அனுப்பினார். க 0, ட 1, ல 01, ம 10 என்று எழுதினேன். 'கடல்' எழுதச் சொன்னார். 0101. அதை நிதானமாக வாசித்தார்: "க... ட... க... ட." வகுப்பே சிரித்தது. இந்தச் சங்கத்தில் சிலர் இன்றும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். உங்கள் பட்டப்பெயர்களும் எனக்கு ஞாபகமிருக்கிறது, சொல்லிவிட்டேன்.

அப்புறம் அவர் போட்டார். குறைவாக வரும் ல, ம இரண்டையும் சேர்த்தால் 2. அதோடு ட சேர்ந்தால் 4. கடைசியில் க. ஒவ்வொரு சேர்க்கையிலும் ஒரு பக்கத்துக்கு 0, மறுபக்கத்துக்கு 1; கடைசிச் சேர்க்கையிலிருந்து வாசித்தால் குறிகள் க 0, ட 10, ல 110, ம 111. ஒன்றின் குறி இன்னொன்றின் தொடக்கமாக வராததால் இடைவெளியே வேண்டாம். 010110 என்றால் கடல் மட்டும்தான். எழுத்துக்கு இரண்டு இலக்கம் கொடுத்தால் 18, இதில் 15.

1951-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஃபானோ என்ற பேராசிரியர் பரீட்சைக்குப் பதில் கட்டுரை எழுதலாம் என்றார். மிகச் சிக்கனமான குறிமுறையைக் கண்டுபிடிப்பதுதான் தலைப்பு; ஃபானோவுக்கே பிடிபடாத கணக்கு. அவர் எழுத்துக் கூட்டத்தை மேலிருந்து பிரித்துக்கொண்டு வந்தார். மாணவர் ஹஃப்மன் கீழிருந்து சேர்த்துக்கொண்டு போனார். 1952-இல் கட்டுரை அச்சானது. "வாத்தியாரை பையன் ஜெயிச்ச கதைடா" என்று சார் சொன்னபோது அவரே ஜெயித்ததுபோல இருந்தது.

துபாயில் எனக்குச் சோறு போடுவதும் இந்தச் சுருக்கும் வேலைதான். போனில் சார் எப்போதும் "எப்ப வர்ற?" என்பார். "அடுத்த லீவுக்குக் கண்டிப்பா வர்றேன் சார்." சொல்லிச் சொல்லி அது "லீவுக்கு சார்" என்றானது. கடைசியாகப் பேசியபோது அவரே முந்திக்கொண்டு, "லீவுக்குத்தானே?" என்று சிரித்தார். அந்த லீவுக்குப் பிள்ளைகள் கேட்டார்கள் என்று இஸ்தான்புல் போனோம்.