ஆன் டீச்சரின் பல்வலி நாள்

அந்த அத்தியாயம் வந்ததும் இன்று புத்தகத்தை அப்படியே மடியில் வைத்துவிட்டேன்.

‘ஆன் ஆஃப் அவோன்லீ.’ எல். எம். மான்ட்கோமரி எழுதி 1909இல் வெளிவந்த நாவல். கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். டீச்சராகச் சேரும்போது ஆனுக்குப் பதினாறரை வயது.

பிள்ளைகளை அடிக்கவே மாட்டேன் என்றுதான் வேலைக்குப் போகிறாள். அப்புறம் ஒரு நாள். ராத்திரி முழுக்கப் பல்வலி, தூக்கமில்லை. வகுப்பில் ஒன்று மாற்றி ஒன்று தொல்லை. மேசை இழுப்பறையைத் திறந்தால் எலி! ஆண்டனி பை என்ற மாணவனைக் கோலால் அடித்துவிடுகிறாள்.

முதல் தடவை படித்தபோது, அந்த அடிக்குப் பிறகு அவனே தொப்பியைக் கழற்றி மரியாதை செய்வதுதான் பெரிதாகத் தெரிந்தது. சின்ன வயது, சரி.

இப்போது கண் அங்கே நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அழுகிறாளே, அந்த இடத்தில் நின்றுவிட்டது. பையன் பணிந்தானா என்பதல்ல அவள் கவலை. தனக்குத் தானே கொடுத்த வாக்கு உடைந்துபோனது.

கொஞ்ச நேரத்தில், அவளை வளர்த்த மரில்லா வந்து பக்கத்தில் இருக்கிறாள்.

அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு முறை படித்தேன்.