சென் துசியுவை நினைத்து

இரண்டு நாளாக சென் துசியு மனதை விட்டுப் போகவில்லை. 1921 ஜூலையில் ஷாங்காயில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் மாநாடு கூடியபோது அவர் குவாங்சோவில் இருந்தார். இருந்தும் அவரைத்தான் தலைவராக்கினார்கள். ஆறே வருடம். 1927இல் சியாங் கை ஷேக் ஷாங்காயில் கம்யூனிஸ்டுகளைக் கொன்று குவித்தார். சியாங்கின் தேசியவாதக் கட்சியான கோமின்டாங்கோடு கூட்டு வைக்கக் கம்யூனிஸ்டுகளை வற்புறுத்தியது மாஸ்கோ. பழி மட்டும் சென் தலையில். பதவி போனது, 1929இல் கட்சியை விட்டே நீக்கினார்கள்.

அதற்குள் அதே கட்சிக்காக அவருடைய மகன்களில் இரண்டு பேர் உயிரைக் கொடுத்திருந்தார்கள். இந்த இடத்தைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. பெற்ற மனது என்ன பாடு பட்டிருக்கும்!

சென்னுக்கு அடுத்துக் கட்சித் தலைமைக்கு வந்த சூ சியூபாய்க்கு அப்போது 28 வயது. அவரும் நிலைக்கவில்லை, 1935இல் கோமின்டாங் சுட்டுக் கொன்றது. சென் 1942இல் சிச்சுவானில் வறுமையில் இறந்தார்.