மீன்தொட்டி ஹீட்டரும் மலேரியா நொதியும்

மலேரியா ஒட்டுண்ணிக்குப் பியூரினை அடியிலிருந்து செய்யத் தெரியாது. டி.என்.ஏ.வுக்கு அது இல்லாமல் முடியாது. சமைக்கத் தெரியாதவன் மெஸ்ஸை நம்பி இருப்பதுபோல, நம் சிவப்பணுவுக்குள் கிடப்பதை எடுத்துத்தான் காலத்தை ஓட்டுகிறது. அதற்கு உதவும் நொதிகளில் ஒன்று பி.என்.பி. (பியூரின் நியூக்ளியோசைடு பாஸ்பாரிலேஸ்). இனோசின் என்ற பொருளைப் பாஸ்பேட்டின் துணையோடு வெட்டி, ஹைப்போசாந்தின் என்ற பியூரினை எடுத்துக் கொடுக்கும். அதை அடைத்துவிட்டால் ஒட்டுண்ணிக்குப் பட்டினிதான். இந்த நொதியைப் படிகமாக்கி, எக்ஸ்-கதிர் பாய்ச்சிப் பார்த்த அமைப்பு 2004லேயே வந்துவிட்டது. எங்கள் மேடத்தின் குழு செய்த ஒரு சேர்மம் அதற்குள் எப்படி உட்காருகிறது என்று பார்ப்பதுதான் என் பிஎச்.டி. வேலை.

ஊட்டியில் உட்கார்ந்துகொண்டு மலேரியாவா என்று எல்லோரும் கேட்பார்கள். மலேரியா கொசுவால் பரவுவதைப் பிறகு கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ், 1897இல் விடுப்பில் ஊட்டிக்கு வந்தவர், சீகூர் பக்கம் இறங்கிப்போய், கொசுவலைக்குள் தூங்கியும் மலேரியா வாங்கிக்கொண்டு திரும்பினார். மலைக்குக் கீழே போனால் போதும், அவ்வளவுதான்.

நொதியை ஈ.கோலை பாக்டீரியாவில் வளர்த்ததும் நிக்கல் ரெசினில் ஏற்றிச் சுத்தம் செய்ததும் சொல்லும்படியான கதை இல்லை. கதை துளி வைப்பதில் ஆரம்பித்தது. ஒரு மைக்ரோலிட்டர் புரதம் (நம் நொதிதான்), படிகம் வளர்க்க விற்கும் கிட்டிலிருந்து ஒரு மைக்ரோலிட்டர் கரைசல். சின்னக் கண்ணாடித் தகட்டில் வைத்து, கவிழ்த்து, அதே கிட் கரைசல் ஊற்றி, விளிம்பில் கிரீஸ் தடவிய குழியின் மேல் மூட வேண்டும். துளியிலிருந்து நீர் ஆவியாகி மெதுவாகக் குழிக்குப் போகும். அதிர்ஷ்டம் இருந்தால் புரதம் படிகமாகும்.

மூன்றாம் நாளே படிகம்! சவப்பெட்டி வடிவில், ஓரங்கள் கத்தி போல. மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் மெல்லிய ஊசியை எடுத்து அதன்மேல் அழுத்தினார். கறுக்கென்று நொறுங்கியது. "இது உப்பும்மா. புரதம்னா வெண்ணெய் மாதிரி அமுங்கும்." புரதத்தைக் கரைத்து வைத்த என் பஃபரில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) பாஸ்பேட், கிட் கரைசலில் மெக்னீசியமும் அமோனியமும், பி.எச். 8.5. மூன்றும் சேர்ந்தால் வருவது மெக்னீசியம் அமோனியம் பாஸ்பேட். சிலருக்குச் சிறுநீரகக் கல்லாக வருவதும் அதேதான். மூன்று நாள் நான் கல் வளர்த்திருக்கிறேன்.

பாஸ்பேட்டை எடுத்துவிட்டு டிரிஸ் பஃபருக்கு மாறினேன். அடுத்த கூத்து ஜனவரியில். சாயங்காலம் துளி தெளிவாக இருக்கும். காலையில் வந்து பார்த்தால் துளி முழுக்க ஊசி ஊசியாக, தைக்கப் போட்ட மாதிரி. மத்தியானம் பார்த்தால் காணோம். முதல் இரண்டு நாள் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். கிட்டோடு வரும் குறிப்பில் "அறை வெப்பநிலை" என்று போட்டிருக்கும். யாருடைய அறை? வெளியே புல்லில் உறைபனி விழும் மாதத்தில் எங்கள் அறை ராத்திரி ஏழெட்டு டிகிரிக்கு இறங்கும், பகலில் பதினெட்டைத் தொடும். குளிரில் கரைதிறன் சட்டென்று குறைந்து எல்லாம் ஒரே நேரத்தில் ஊசியாகக் கொட்டுகிறது. வெயில் வந்ததும் கரைந்துவிடுகிறது.

ஆய்வக உதவியாளர் அண்ணன்தான் வழி சொன்னார். "ஏம்மா, வீட்ல மீன் வளர்க்கிறோம்ல, அதுக்கு ஒரு ஹீட்டர் இருக்கே?" தெர்மோகோல் பெட்டி, உள்ளே தண்ணீர், அதில் மீன்தொட்டி ஹீட்டர், 22 டிகிரி. தட்டை அதன்மேல் ஒரு கம்பிச் சட்டத்தில் வைத்தோம். மழையில் கரண்ட் போனாலும் தண்ணீர் ஐந்தாறு மணி நேரம் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கோவையில் இருந்தால் குளிர வைக்கும் இன்குபேட்டர் வாங்கியிருக்க வேண்டும். இங்கே சூடு காட்டினால் போதும். பதினோராம் நாள் இரண்டே இரண்டு படிகங்கள். ஒன்றை ஊசியால் தொட்டேன். அமுங்கியது. இந்த முறை வருத்தமாகவும் இருந்தது, இருந்ததே இரண்டுதானே.

அதற்கப்புறம் நிறைய வளர்ந்தன. சேர்மத்தில் ஊறவைத்து, கிளிசராலில் தோய்த்து, கோவையிலிருந்து மலையேறி வந்த திரவ நைட்ரஜனில் உறையவைத்து, வலுவான எக்ஸ்-கதிர் தரும், இந்தூரில் உள்ள இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானுக்குக் கொண்டுபோனோம். கிடைத்த துல்லியம் 2.6 ஆங்ஸ்ட்ராம். பெருமை பேசும் அளவுக்கு இல்லை, ஆனால் போதும். எக்ஸ்-கதிர் தரவில் பதிவாகாமல் போகும் அலைக் கட்டத்தை (phase) 2004 அமைப்பை வைத்துக் கண்டுபிடித்தோம். ஆறு நொதிகள் வளையமாகக் கைகோத்து நின்றன, மனிதனின் பி.என்.பி. மூன்றாகத்தான் நிற்கும்.

சேர்மம்தான் இல்லை. பாஸ்பேட் இருக்க வேண்டிய இடத்தில், கிட்டில் இருந்த சல்பேட் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது.

இரண்டாம் முறை ஊறவைக்காமல், சேர்மத்தை முதலிலேயே புரதத்தோடு கலந்து துளி வைத்தேன். மறுபடியும் பதினொரு நாள், மறுபடியும் இந்தூர். திரையில், அணுக்கள் எங்கே என்று காட்டும் எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்த மேடம் கேட்டார்: "சேர்மத்தோட வளையம் தெரியுது. வால் எங்கே?" வால் நொதியைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் ஆடிக்கொண்டிருக்கிறது போல.

வாலைக் குட்டையாக்கிய சேர்மம் அடுத்த அறையில் தயாராகிக்கொண்டிருக்கிறது. அண்ணன் காலையில் வந்ததும் முதலில் பெட்டியில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்.