மழை விடுமுறையில் பழைய சிரிப்பு

நவம்பர் 14, பூம்பாறை

மழை விட்டபாடில்லை. பள்ளிகளுக்கு விடுமுறை. பெரியகுளத்திலிருந்து வந்த அண்ணன் குடும்பத்தை, இந்த மழையில் மலைப்பாதையில் இறங்க வேண்டாம் என்று அம்மா நிறுத்திவைத்துவிட்டார். பூண்டு கட்டித் தொங்கவிட்ட அறையைத் தவிர வீடெங்கும் பிள்ளைகள். ஆளுக்கொரு கைப்பேசி, ஆளுக்கொரு சிரிப்பு. ஒருவர் சிரித்தது இன்னொருவருக்குத் தெரிவதில்லை. இது எனக்குப் பொறுக்கவில்லை. நாளை இரவு முதல் எல்லோரும் கூடத்து டிவியில் ஒன்றையே பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

நவம்பர் 15

கரோல் பர்னெட் நிகழ்ச்சியில் வந்த பல் மருத்துவர் காட்சியைப் போட்டேன். 1967 முதல் 1978 வரை அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஓடிய நகைச்சுவை நிகழ்ச்சி அது. டிம் கான்வே புதிதாகப் படித்து வந்த பல் மருத்துவர். நாற்காலியில் ஹார்வி கோர்மன். தொடக்கத்தில் பேச்சுதான். அண்ணன் மகன் நெளிந்தான். "எப்போது சிரிப்பு வரும், சித்தப்பா?" என்றான். தாவவிடாமல் ரிமோட்டை நானே வைத்துக்கொண்டேன்.

மரத்துப்போகும் ஊசியை மருத்துவர் தன் கையிலேயே குத்திக்கொண்டார். கை துவண்டு தொங்கியது. அடுத்து கால். இனி மொழி எதற்கு? ஆங்கிலமே தெரியாத அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதலில் நெளிந்தவன்தான் தரையில் உருண்டான். அந்த மெதுவான தொடக்கத்தை வெட்டியிருந்தால் ஊசி வெறும் ஊசியாகத்தான் இருந்திருக்கும்.

என் மகள் வேறொன்றைப் பிடித்துவிட்டாள். "அப்பா, வலியில் துடிக்க வேண்டியவர் ஏன் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார்?" உண்மைதான், கோர்மன் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்குகிறார். எதிரே பார்வையாளர்களை உட்காரவைத்துப் படம்பிடித்த நிகழ்ச்சி அது. ஒத்திகையில் காட்டாத சேட்டையைப் படப்பிடிப்பில் அவிழ்த்துவிடுவது கான்வேயின் வழக்கம் என்று சொன்னேன். உடனே, "திரும்பப் போடுங்கள், அவர் முகத்தை மட்டும் பார்க்கிறோம்" என்று ஒரே கூச்சல். போட்டேன்.

நவம்பர் 16

இன்று ஒரு பழைய தமிழ்க் காட்சி. பெயர் வேண்டாம். ஒரு பெண்ணின் கறுப்பு நிறத்தை வைத்து அடுக்கடுக்காகக் கேலி. அண்ணன் சிரித்தார். அண்ணியும் சிரித்தார். அண்ணன் மகள் சிரிக்கவில்லை. "இதில் என்ன நகைச்சுவை?" என்று கேட்டாள். கேள்வியில் கோபம்கூட இல்லை, உண்மையாகவே புரியவில்லை. அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று அண்ணன் தொடங்கியதும் அம்மா குறுக்கிட்டார்: "அந்தக் காலத்திலும் கறுப்பாய் இருந்தவளுக்கு வலித்தது. வேறு போடு." நிறுத்தினேன். பழையது என்பதற்காக எதையும் பிள்ளைகள் தலையில் கட்ட வேண்டியதில்லை.

நவம்பர் 17

மழை, மின்வெட்டு. எதுவும் பார்க்கவில்லை.

நவம்பர் 18

லொள்ளு சபா. 2000களில் ராம்பாலா இயக்கத்தில் விஜய் டிவியில் வந்தது. சந்தானத்தைத் திரைப்படக் கதாநாயகனாக மட்டுமே அறிந்த பிள்ளைகளுக்கு, மனோகர், சுவாமிநாதனோடு அவர் அங்கே நிற்பதே வியப்பு. ஆனால் சிரிப்பு வரவில்லை. அது கேலி செய்யும் படத்தை அவர்கள் பார்த்ததே இல்லை. மூலம் தெரியாமல் பகடி எப்படிச் சிரிக்கவைக்கும்?

அம்மா டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டு அந்தப் படத்தின் கதையைத் தொடங்கினார். நாயகன் வரும் நடை, வில்லனின் முறைப்பு, அழுகைக் காட்சி எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலேயே நடித்துக் காட்டினார். நடுவே உசிலம்பட்டியில் இருந்த காலத்துக் கதையும் வந்தது: கூரை மேல் ஏறி ஆண்டெனாவைக் கொடைக்கானல் கோபுரத்தின் பக்கம் திருப்பியது, வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்க்கத் தெருவே திண்ணைக்கு வந்தது. "இவ்வளவு பேரா? உட்கார இடம்?" என்றாள் மகள். "மடியில்தான்" என்றார் அம்மா.

பிறகு பகடியை முதலிலிருந்து ஓட்டினோம். இப்போது ஒவ்வொரு இடத்திலும் பிள்ளைகள் அப்பத்தாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இனிப் பகடி எதைப் போட்டாலும் முதலில் கதை, பிறகுதான் காட்சி என்று அவர்களே விதி வகுத்துவிட்டார்கள்.

நாளை மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழு. 1970இல் ஜான் கிளீஸ் விறைத்த முகத்தோடு, கால்களைக் கண்டபடி வீசி நடந்த காட்சி. கோமாளி நடைகளுக்கென்றே ஓர் அரசு அமைச்சகம் இருப்பதுபோல் எடுத்தது. அதற்கு அப்பத்தாவின் கதை தேவைப்படாது. ஆனால் அரசு அலுவலகம் என்றால் என்ன என்பதைப் பிள்ளைகளுக்கு அண்ணன்தான் சொல்ல வேண்டும். தாலுகா அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் அவர்தானே.